பழைய பிபிசி மைக்ரோ கைக்கு வந்ததும் செய்யக் கூடாதவை

நாற்பது வயதான கம்ப்யூட்டர் ஒன்று வீடு வந்து சேர்ந்தால், கை முதலில் தேடுவது பிளக் பாயிண்டைத்தான். தேடக் கூடாது. இத்தனை வருடம் தூங்கிய மெஷின் இன்னும் இரண்டு நாள் தூங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

பிபிசி மைக்ரோ, பிபிசியின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துக்காக உருவான கம்ப்யூட்டர். 1981 டிசம்பரில் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் அதை வெளியிட்டது. மாடல் பி-யில் 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசஸரும் 32 கேபி ரேமும் இருக்கும். பிரிட்டனில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றதால் அங்கே அதை அபூர்வம் என்று சொல்ல முடியாது. இந்தியக் கதை வேறு. பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க 1984-85-ல் தொடங்கிய கிளாஸ் (CLASS) என்ற அரசுத் திட்டத்தில் இதே மெஷின்தான் பள்ளிகளுக்கு வந்தது. மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதை 'எஸ்சிஎல் யூனிகார்ன்' என்ற பெயரில் தந்தது. இன்று யூனிகார்ன் ஒன்று கிடைப்பது அதிர்ஷ்டம். உள்ளே இருப்பது பிபிசி மைக்ரோவின் சர்க்யூட்தான் என்பதால் கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

பார்சலைப் பிரிக்கும்போது

மெஷினை மெதுவாகச் சாய்த்துக் காதில் வைத்துப் பாருங்கள். உள்ளே எதுவோ உருளும் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் கழன்ற திருகு. அது போர்டின் மேல் கிடக்கும்போது கரண்ட் கொடுத்தால் எந்த ஐசி போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூடியைத் திறக்க நான்கு திருகு: பின்பக்கம் இரண்டு, அடியில் கீபோர்டுப் பக்கம் இரண்டு. திறந்ததும் கீபோர்டைப் பிடித்துத் தூக்குவது அடுத்த தவறு. அது ரிப்பன் கேபிளால் போர்டோடு இணைந்திருக்கிறது, ஸ்பீக்கர் ஒயர் தனி. எதையும் கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். நம் ஊர் ஸ்டோர் ரூமில் கிடந்த மெஷின் என்றால் பல்லி முட்டை, எறும்புப் புற்று, கரப்பான் எச்சம் எல்லாம் எதிர்பார்க்கலாம். பல்லி எச்சம் செம்பை அரிக்கும், அதனால் புளோயரால் ஊதி உள்ளே பரப்பாமல், முதலில் காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டி எடுத்துவிட்டு, பிறகு 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் இரண்டும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும், கிட்டேயே கொண்டுவராதீர்கள்.

பவர் சப்ளை

பிளக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். இங்கிலாந்திலிருந்து வந்த மெஷினில் கேபிளோடு 13 ஆம்பியர் பிளக் இருக்கும். அதற்குள் ஒரு ஃப்யூஸும் உண்டு. அதை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு பின் பிளக் மாட்டுகிறவர்கள் ஃப்யூஸ், எர்த் இரண்டையும் ஒரே வெட்டில் இழக்கிறார்கள். சப்ளையின் தகரப் பெட்டிக்கு எர்த் கட்டாயம். 6 ஆம்பியர் மூன்று பின் பிளக் போடுங்கள். பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். நம் ஊர் பழைய சிவப்பு-கறுப்பு வழக்கத்தை நினைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

ஸ்விட்ச்மோட் சப்ளைக்குள் மெயின்ஸின், அதாவது சுவரிலிருந்து வரும் கரண்டின், குறுக்கே ரிஃபா என்ற பிராண்டின் இரண்டு எக்ஸ்2 கெபாசிட்டர்கள் இருக்கும்: 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் ஒன்று. தேன் நிறத்தில், உள்ளே சுருள் தெரியும்படி இருப்பதால் பார்த்ததும் அடையாளம் தெரியும். உள்ளிருப்பது உலோகம் பூசிய காகிதம். வருடங்கள் போகப் போக வெளிக்கூட்டில் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன, அவற்றின் வழியே ஈரம் உள்ளே போகிறது, கரண்ட் வந்ததும் காகிதம் கருகுகிறது. ஆன் செய்த பத்தாவது நிமிடத்தில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்து அறை முழுக்க நாறும். வேடிக்கை என்னவென்றால், புகை வரும்போதே மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டும் இருக்கலாம். அந்தக் கெபாசிட்டர்களின் வேலை மெயின்ஸ் இரைச்சலை வடிகட்டுவது மட்டும்தான். அதனால் “நேற்று ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது” என்று விற்பவர் சொன்னாலும் அந்த இரண்டையும் மாற்றாமல் விடாதீர்கள். வெடிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் காரணமாகாது.

மாற்றும்போது நடக்கும் தவறு, கடையில் '400 வோல்ட்' என்று கேட்டு சாதாரண டிசி கெபாசிட்டரை வாங்கி வருவது. மெயின்ஸின் குறுக்கே போடுவதற்கென்றே சோதித்த எக்ஸ்2 வகைதான் வேண்டும். 275 வோல்ட் ஏசி, பாலிபுரோப்பிலீன், அதே மதிப்பு. கால்களுக்கு இடையிலான தூரத்தை ஸ்கேலால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். திறந்த கையோடு 220 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் எலக்ட்ரோலிடிக் ஒன்றையும் மாற்றிவிடலாம். அது காய்ந்துபோனால் சப்ளை கிளம்பாமல் தடுமாறும்.

சப்ளை மூன்று திருகால் அடிப்பக்கத்தில் பிடித்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கெபாசிட்டரில் சுமார் 320 வோல்ட் டிசி நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து 'டப்' என்று காலி செய்வது ஒரு கெட்ட பழக்கம். அந்தப் பொறி போர்டின் செம்புத் தகட்டையும் கெடுக்கும், கெபாசிட்டரையும் கெடுக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட பிடியோடு சில விநாடி வைத்துவிட்டு, மல்டிமீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே கை வையுங்கள். உள்ளே ஃப்யூஸ் கறுத்து வெடித்திருந்தால் வேறு ஃப்யூஸ் போடுவது பிரயோஜனமில்லை. எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அது சொல்கிறது.

முதல் முறை ஆன் செய்யும்போது ரேடியோ மெக்கானிக்குகள் வைத்திருப்பது போன்ற சீரீஸ் பல்பு, அதாவது மெயின்ஸ் கரண்ட் தன் வழியே மெஷினுக்குப் போகும்படி கட்டிய 60 வாட் குண்டு பல்பு, இருப்பது நல்லது. பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் சரி. முழு வெளிச்சத்தோடு நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட். போர்டை மாட்டாமல் சப்ளையை மட்டும் சோதிக்கும்போது லோடு இல்லாமல் ஆன் செய்தால் சில சப்ளைகள் கிளம்பாது, கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவோம். கார் பிரேக் லைட்டின் 12 வோல்ட், 21 வாட் பல்பை 5 வோல்ட் லைனில் கட்டுங்கள். ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும், அது போதும்.

மூன்று சிவப்பு, மூன்று கறுப்பு, ஒரு ஊதா. போர்டுக்குப் போகும் ஒயர்கள் இவ்வளவுதான். சிவப்பு +5, கறுப்பு 0, ஊதா -5 வோல்ட். மூன்று சிவப்பும் போர்டின் வெவ்வேறு பகுதிகளுக்குப் போகின்றன, ஒன்றை மறந்தால் ஒரு பகுதிக்குக் கரண்டே இல்லை. ஊதாவைச் சிவப்பின் இடத்தில் மாட்டினால் அந்தப் பகுதியின் ஐசிகளுக்குத் திதி கொடுத்துவிடலாம். மாட்டியதும் சப்ளையில் அளக்காமல், பிராசஸரின் கால்களிலேயே அளங்கள்: 8-ஆம் காலுக்கும் 21-ஆம் காலுக்கும் இடையே 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் வர வேண்டும். சப்ளையில் 5.1, பிராசஸரில் 4.6 என்றால் குற்றவாளி துருப்பிடித்த கனெக்டர்.

சத்தத்தைக் கேட்காமல் ஐசியைப் பிடுங்குவது

ஆரோக்கியமான பிபிசி மைக்ரோ ஆன் செய்ததும் 'பூ…' என்று தாழ்ந்து ஒலித்து, உடனே 'பீப்' என்று முடியும். முதல் ஒலி சவுண்ட் சிப் தானாகப் போடுவது. இரண்டாவது, பிராசஸர் விழித்துக்கொண்டு அதை அடக்கியதற்கு அடையாளம். 'பூ' நிற்கவே இல்லை என்றால் பிராசஸர், தொடக்கப் புரோகிராம் பதிந்த ரோம் ஐசியைப் படித்து வேலையைத் தொடங்கவில்லை. சத்தமே இல்லை என்றால் மறுபடி பவரைப் பாருங்கள். திரையில் '32கே' வர வேண்டிய மெஷின் '16கே' என்று காட்டினால் ரேம் பக்கம் போங்கள்.

நிற்காத 'பூ'வுக்கு முதல் மருந்து, சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் பெரிய ஐசிகளைக் கழற்றி மாட்டுவது. சாக்கெட் கால்களில் படிந்த ஆக்சைடு அதில் உரசிப் போகும். ஆனால் இங்கேதான் நிறைய போர்டுகள் சாகின்றன. ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் மறுபக்கக் கால்கள் மடியும். நுனி போர்டில் குத்தினால் சாக்கெட்டுக்கு அடியில் ஓடும் டிராக் (போர்டின் மெல்லிய செம்புக் கோடு) அறுந்துவிடும், அதைத் தேடவே ஒரு வாரம் பிடிக்கும். இரண்டு முனையிலும் மாறி மாறி, ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர் என்று தூக்குங்கள். கால்கள் கறுத்திருந்தால் அது வெள்ளி முலாம் கறுத்த நிறம். உப்புத்தாளால் தேய்த்தால் இளைத்துப்போன கால் முறிந்து கையோடு வரும். ஃபைபர் கிளாஸ் பேனாவால் லேசாக வருடினால் போதும். ஒரே நேரத்தில் எல்லா ஐசியையும் பிடுங்கிக் குவிக்காதீர்கள். ஒன்றை எடுத்து, துடைத்து, பக்கவாட்டுப் பள்ளம் முன்பு இருந்த திசையிலேயே திருப்பி மாட்டி, பிறகு அடுத்தது.

திரைப் படத்தைக் கவனிக்கும் பழைய வீடியோ யுஎல்ஏ ஐசி நன்றாகச் சூடாகும், அதன் மேல் ஹீட்சிங்க் ஒட்டியிருக்கும். கண்ணுக்கு அழகாக இல்லையென்று அதை உரித்துவிட வேண்டாம்.

பள்ளியிலிருந்து வந்த மெஷினில் ஜன்னல் வைத்த ஈபிரோம், அதாவது அழித்து மறுபடி எழுதக்கூடிய ரோம் ஐசி, ஒன்றிரண்டு இருக்கலாம். ஸ்டிக்கரை உரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அந்த ஜன்னல் வழியே புற ஊதா ஒளி போனால் உள்ளே இருப்பது அழியும், உலகில் அதற்கு வேறு பிரதி இல்லாமலும் இருக்கலாம். ஈபிரோம் புரோகிராமர் என்ற கருவியில் வைத்துப் படித்து ஃபைலாக எடுத்துவைப்பதே முதல் வேலை.

ரேம் என்றால் 53 முதல் 68 வரை எண்ணிட்ட பதினாறு ஐசிகள். '16கே ரேம்தானே' என்று கடையில் கிடைத்த 4116-ஐப் போட்டுவிடுவார்கள். அதற்கும் பதினாறு கால்தான், ஆனால் +12, -5 வோல்ட் தனித்தனியாகக் கேட்கும். இந்தப் போர்டின் 4816-க்கு +5 மட்டும் போதும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை.

படம் வரவில்லை, கலர் வரவில்லை

கலர் இல்லாததைப் பழுது என்று நினைத்துச் சுத்துவது நேர விரயம். பின்னால் உள்ள பிஎன்சி வீடியோ சாக்கெட், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, கறுப்பு வெள்ளைதான் தரும். போர்டில் எஸ்39 என்று எண்ணிட்ட லிங்கை (இரண்டு புள்ளிகளை இணைக்கும் இடம்) இணைத்தால் கலர் வரும். டிவிக்குச் சத்தம் வராததும் பழுதல்ல, சத்தம் உள் ஸ்பீக்கரில் மட்டும்தான். ஆறு கால் ஆர்ஜிபி சாக்கெட்டை ஐரோப்பிய டிவிகளின் ஸ்கார்ட் சாக்கெட்டில் நேராகச் சொருகுவது தவறு: இது 5 வோல்ட் டிடிஎல் சிக்னல், டிவி எதிர்பார்ப்பது 0.7 வோல்ட். நடுவில் ரெசிஸ்டர் வேண்டும். விஜிஏ மானிட்டருக்குக் கேபிள் மட்டும் செய்து மாட்டினாலும் பெரும்பாலானவை 15.6 கிலோஹெர்ட்ஸைப் பிடிக்காது.

வெளுக்கும் ஆசை

மஞ்சளான மூடியை 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம் பூசி வெயிலில் வைத்து வெளுக்கலாம். நம் சித்திரை வெயிலில் கிரீம் அரை மணியில் காய்ந்து, காய்ந்த இடம் மட்டும் வெள்ளைத் திட்டாகி, மூடி முழுக்க மேகம் போல் ஆகும். அந்தத் திட்டு போகாது. பிளாஸ்டிக் நெளியவும் செய்யும். வெளுத்தாலும் சில வருடத்தில் மஞ்சள் திரும்பி வரும். சாதாரண மாடல் பி என்றால் உங்கள் இஷ்டம். யூனிகார்ன் என்றால் பாத்திர சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவே. அதுவும் அடியிலுள்ள சீரியல் நம்பர் லேபிளை நனைக்காமல்.

யூனிகார்னின் மூடி உடைந்திருக்கிறது என்று பிரிட்டிஷ் மூடியை மாட்டுவதும், போர்டு படுத்துகிறது என்று வேறு போர்டைப் போடுவதும் இன்னொரு தவறு. அதற்குள் இருப்பது எங்கும் கிடைக்கும் சர்க்யூட். பெயர்ப் பலகையும் லேபிளும்தான் கிடைக்காதவை. மூடியை ஏபிஎஸ் பசையால் உள்பக்கமிருந்து ஒட்டலாம், அறுந்த டிராக்கை மெல்லிய ஒயரால் இணைக்கலாம். கழற்றிய பாகங்களை, கருகிய ரிஃபாவைக்கூட, தேதியும் இடமும் எழுதிய ஜிப் கவரில் போட்டு மெஷினோடு வைத்துவிடுங்கள். அடுத்து இதைத் திறப்பவர் எது பழையது, எது நீங்கள் போட்டது என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார்.