இது என்ன நூல்? செயற்கை இழைத் துணியை அறிந்து வாங்கவும் தைக்கவும் துவைக்கவும்

மும்பை சயானில் உள்ள என் தையல் கடைக்கு வரும் பெண்கள் துணியை மேசைமேல் வைக்கும்போதே, "அக்கா, இது சுத்தமான ஜார்ஜெட்" என்பார்கள். சிலர் "நல்ல சாட்டின்" என்பார்கள். ஜார்ஜெட், ஷிபான், கிரேப், சாட்டின் ஆகியவை துணி நெய்யப்பட்ட விதத்துக்கு உரிய பெயர்கள். எந்த இழையால் நெய்தார்கள் என்பதை அவை சொல்வதில்லை. பட்டிலும் ஜார்ஜெட் உண்டு, ரேயானிலும் உண்டு. தாதர் ஹிந்த்மாதா, மங்கள்தாஸ் மார்க்கெட் ஆகிய துணிச் சந்தைகளில் சுருள் சுருளாக அடுக்கியிருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் ஜார்ஜெட். ஆகவே கடைக்காரரிடம் முதலில் "இது என்ன நூல்?" என்று கேளுங்கள். பழைய கடைக்காரர்கள் இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்வார்கள்.

செயற்கை இழை என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. மும்பையில் ஜூலை மாதம் துவைத்துப் போட்ட பருத்திச் சுடிதார் இரண்டு நாளானாலும் காயாமல் பூஞ்சை வாடை அடிக்கும். பாலியஸ்டர் கிரேப் இரவில் விரித்தால் காலையில் உடுத்தத் தயார். ஒவ்வொரு இழைக்கும் உடையில் பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது, வரவே கூடாத இடமும் இருக்கிறது. இழை எது என்று தெரிந்தால் இந்த இரண்டையும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பாலியஸ்டரில் தொடங்குகிறேன். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த இழை இது. டெரிலின் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. நம் தாத்தாக்கள் பெருமையாக அணிந்த டெரிலின் சட்டையும், பருத்தி கலந்த டெரிகாட்டனும் இந்த இழைதான். பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் மூலப்பொருள்களைச் சேர்த்து, உருக்கி, நுண்ணிய துளைகள் வழியாகப் பிழிந்து இழையாக்குகிறார்கள். உருக்கிச் செய்த பொருள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் அதன் குணங்கள் பாதி விளங்கிவிடும். சூட்டில் அழுத்தி மடித்த மடிப்பு அதில் நிலைத்து நிற்பதும், அதிகச் சூட்டில் அது பளபளத்து உருகுவதும் இதனால்தான்.

மீதிப் பாதி ஈரத்தைப் பற்றியது. சாதாரணக் காற்றில் வைத்த 100 கிராம் பருத்தி, 7 முதல் 8 கிராம் வரை ஈரத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். ரேயான் 11 முதல் 13 கிராம் வரை இழுக்கும். நைலான் 4 கிராம் அளவுக்கு இழுக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. சீக்கிரம் உலர்வதற்கும், சுருங்காமல் இருப்பதற்கும், வியர்வை தோலிலேயே தங்கிக் கசகசப்பதற்கும் காரணம் இந்த ஒன்றே. ஆனால் விளையாட்டுச் சட்டைகளும் பாலியஸ்டர்தானே, அவை ஏன் உறுத்துவதில்லை என்று கேட்பீர்கள். அவற்றின் இழையில் நீளவாக்கில் பள்ளம் வைத்து, கண்கண்ணாகப் பின்னுகிறார்கள். வியர்வை இழையின் மேற்பரப்பில் ஓடி வெளிப்பக்கம் வந்து ஆவியாகிறது. அதே பாலியஸ்டரை நெருக்கமாக நெய்து சாட்டின் ஆக்கினால் காற்றுக்கு வழியே இல்லை. நூலைப் போலவே நெசவும் முக்கியம்.

மற்ற இழைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். நைலானை 1935இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் உருவாக்கினார்கள். தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் நாள்பட்ட வெயிலில் வலுக் குறைந்து மஞ்சளாகும். குடை, பை, மழைக்கோட்டு, உள்ளாடை இவற்றுக்கு ஏற்றது. அக்ரிலிக் கம்பளியைப் போலக் காட்சி தரும். நடைபாதையில் 'உல்லன்' என்று மலிவாக விற்கும் சால்வைகள் பலவும் அக்ரிலிக். அதே டூபான்ட் நிறுவனத்தில் 1958இல் உருவான, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஸ்பான்டெக்ஸைத்தான் நாம் லைக்ரா என்ற வணிகப் பெயரால் அழைக்கிறோம். அது தனியாக வராது, மற்ற நூலோடு கலந்து வரும். ஜீன்ஸில் இரண்டு சதவீதம் இருந்தாலே முட்டி மடக்க எளிதாக இருக்கும்.

ரேயானைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்பார்கள். மரக்கூழிலிருந்து வருவது, வேதிமுறையில் கரைத்து இழையாக்குகிறார்கள். எனவே மூலம் இயற்கை, செய்முறை செயற்கை. உடுத்தக் குளுமையானது. ஆனால் நனைந்தால் அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடும். ரேயான் குர்த்தியை முறுக்கிப் பிழிபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கும்.

கண்டுபிடிக்கும் வழி

ஆயத்த ஆடையாக இருந்தால் பக்கத் தையலின் உட்புறத்தில் உள்ள சீட்டைப் படியுங்கள். மீட்டர் துணியில் கரையைப் பாருங்கள். மில் துணிகளில் கலப்பு விகிதம் அங்கே அச்சிடப்பட்டிருக்கும். பள்ளிச் சீருடைத் துணியில் பாலியஸ்டர் 67, மற்றது 33 என்ற விகிதத்தை அடிக்கடி காணலாம். இரண்டும் இல்லாவிட்டால் துணியின் மூலையைக் கைக்குள் வைத்து இறுக்கிக் கசக்குங்கள். கைவிட்டதும் சுருக்கம் நின்றால் பருத்தியோ ரேயானோ இருக்கலாம். உடனே விரிந்துகொண்டால் பாலியஸ்டர் இருக்கலாம். ஒரு சொட்டு நீர் விட்டும் பார்க்கலாம், ஆனால் புதுத் துணியில் கஞ்சி இருந்தால் பருத்தியிலும் நீர் உருண்டு நிற்கும். அதனால் அந்தச் சோதனையை நான் பெரிதாக நம்புவதில்லை.

நான் நம்புவது நெருப்புச் சோதனையை. வீட்டில் செய்யும்போது துணியை எரிக்காதீர்கள், நூலை மட்டும் எரியுங்கள். ஓரத்திலிருந்து பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) சிலவற்றையும் ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) சிலவற்றையும் தனித்தனியாக உருவி எடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. பாவில் ஒன்றும் ஊடையில் வேறொன்றும் ஓட்டி நெய்த துணிகள் ஏராளம். ஒரு பக்கத்து நூலை மட்டும் சோதித்துவிட்டுப் பருத்தி என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள். நூல்களை முறுக்கி, குறட்டால் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டின் மேல் நெருப்புக் காட்டுங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடை அடிக்கும். கருகியது விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டரும் நைலானும் நெருப்பைக் கண்டதும் சுருங்கி விலகும், உருகும், ஆறியதும் நசுக்க முடியாத கெட்டி மணியாகும். பாலியஸ்டரில் கரும்புகை வரும். அக்ரிலிக் சடசடவென்று வேகமாக எரிந்து கோணலான கரிய உருண்டையாகும். சாம்பலும் வந்து, அதற்குள் கெட்டித் துகளும் தட்டுப்பட்டால் கலப்பு நூல். உருகிய சொட்டு தோலில் பட்டால் ஆழமாகச் சுடும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

பட்டுப் புடவைக்கு இந்தச் சோதனையைக் கடையில் செய்ய விடமாட்டார்கள். அங்கே மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்ட் சில்க் என்று எழுதியிருந்தால் அது பட்டில்லை, ரேயானோ பாலியஸ்டரோதான்.

எதை எங்கே வைப்பது

கல்யாணிலிருந்தோ வாஷியிலிருந்தோ லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இது: உடலை ஒட்டி இருப்பது பருத்தி, அதற்கு மேலே வருவது எதுவாகவும் இருக்கலாம். பாலியஸ்டர் ஜார்ஜெட் ரவிக்கையா? உள்ளே பருத்தி அஸ்தர், அதாவது லைனிங், கொடுத்துத் தையுங்கள். லைனிங் துணிக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்க மெல்லிய பாலியஸ்டர் அஸ்தரைக் கொடுத்தால், இரண்டு அடுக்கு பாலியஸ்டருக்கு நடுவே வியர்வை சிக்கிக்கொள்ளும். கைக்குழியை அரை அங்குலம் தளர்த்தி, அக்குளில் பருத்திப் பட்டை வைத்தால் இன்னும் நல்லது. துப்பட்டா செயற்கை இழையாக இருப்பதில் குறையொன்றும் இல்லை. கசங்காது, எடை குறைவு. உள்ளாடையிலும் கைக்குழந்தையின் உடையிலும் நான் பருத்தியைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை.

தைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, இதில் எத்தனையோ நல்ல உடைகள் கெட்டுப்போகின்றன. பாலியஸ்டர் துணி துவைத்தால் சுருங்காது, பருத்தி சுருங்கும். இரண்டையும் சேர்த்துத் தைத்து முதல் சலவை முடிந்ததும் உள்ளே அஸ்தர் குறுகி மேல்துணியை இழுத்து, ரவிக்கை முழுவதும் அலை அலையாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். புடவை ஃபாலிலும் இதே கதை: சிந்தெடிக் புடவையின் கரை மேலே சுருண்டுகொண்டால் குற்றம் ஃபால் துணியுடையது. அஸ்தர், ஃபால், ரேயான் மேல்துணி எதுவானாலும் வெட்டுவதற்கு முதல் நாள் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். தையல்காரரிடம் கொடுக்கும்போது ஊறவைத்தீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மெல்லிய ஜார்ஜெட்டுக்கு 9 அல்லது 11 எண் புது ஊசி வேண்டும். மொட்டை ஊசி இழையை இழுத்துக் கோடு போட்டுவிடும். லைக்ரா கலந்த பின்னல் துணிக்கு நுனி உருண்ட ஊசி.

அடுப்படியும் தீபாவளியும்

இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நம் மும்பை வீடுகளில் சமையலறை ஓர் ஆள் நிற்கும் அளவுதான். அடுப்புக்கு மேலேயே மசாலா அலமாரி இருக்கும். எட்டி எடுக்கும்போது துப்பட்டாவோ முந்தானையோ சுடரில் படும். செயற்கை இழை தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடும். பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. பாதி பருத்தி கலந்திருக்கிறதே, பாதி ஆபத்துதான் என்று எண்ண வேண்டாம். கலப்புத் துணியில் பருத்தி திரிபோல் நின்று, உருகும் பாலியஸ்டரைக் கீழே சொட்டவிடாமல் பிடித்துவைத்து எரியச் செய்யும். எனவே அடுப்படிக்குக் கைப்பகுதி குறுகிய, உடலோடு பொருந்திய பருத்தி உடை. துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும். பட்டாசு வெடிக்கும் பிள்ளைகளுக்கு நெட், சாட்டின் பாவாடைகளைப் போட்டு அனுப்பாதீர்கள். அவற்றை மறுநாள் உறவினர் வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளட்டும்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும், அல்லது தடித்த பருத்திப் போர்வையால் மூட வேண்டும். தீ அணைந்தபின் காயத்தின்மேல் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். அதை மருத்துவமனையில் எடுப்பார்கள். பற்பசை, இட்லி மாவு, மை எதுவும் தடவ வேண்டாம்.

துவைப்பதும் இஸ்திரியும்

பாலியஸ்டருக்கு நீரைப் பிடிக்காது, எண்ணெயைப் பிடிக்கும். உடலின் எண்ணெய்ப்பசை இழையில் ஒட்டிக்கொண்டு வாடைக்கு இடம் கொடுக்கிறது. 2014இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடற்பயிற்சிக்குப் பின் சட்டைகளை ஒப்பிட்டபோது, பருத்தியைவிட பாலியஸ்டரே அதிக நாற்றம் அடித்தது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதில் செழித்திருந்தது. அதனால் வியர்த்த பாலியஸ்டர் சட்டையை இரவு முழுவதும் பையிலேயே வைக்காமல் அன்றைக்கே உள்புறம் வெளியே வரும்படி திருப்பித் துவையுங்கள். எண்ணெய்க் கறை பட்டால் தண்ணீர் காட்டுவதற்கு முன் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு தேய்த்து ஊறவிடுங்கள். வாசனைக் கண்டிஷனர் விளையாட்டுச் சட்டையின் இழைமேல் படிந்து வியர்வை ஓடும் வழியை அடைக்கும், அது வேண்டாம். குளோரின் பிளீச்சும் வெந்நீரும் லைக்ராவின் இழுவிசையைக் கெடுக்கும். செயற்கைத் துணி ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களை நீரில் விடுகிறது. குளிர்ந்த நீரில், இயந்திரம் நிறைய, மென்மையான சுழற்சியில் துவைத்தால் அது குறையும்; துணியும் நெடுநாள் வரும்.

கலப்புச் சட்டையில் காலரிலும் அக்குளிலும் வரும் சிறு உருண்டைகளைக் கையால் பிய்த்தால் இன்னும் இழை வெளியே வரும். சட்டையைச் சமதளத்தில் விரித்து, சவரக் கத்தியால் மேலோட்டமாக வழித்து எடுங்கள்.

இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி என்பது சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. நைலானுக்கும் அக்ரிலிக்குக்கும் ஒன்று, பாலியஸ்டருக்கும் ரேயானுக்கும் இரண்டு, பருத்திக்கு மூன்று. தெருமுனையில் கரிப்பெட்டியால் இஸ்திரி போடுபவரிடம் புள்ளிக் கணக்கு கிடையாது. செயற்கைத் துணிகளைத் தனி மூட்டையாகக் கட்டி, இன்னது என்று சொல்லிக் கொடுங்கள். புடவைக் கரையில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் சரிகை. அதன்மேல் நேராகப் பெட்டி பட்டால் சுருண்டுவிடும். புடவையைத் திருப்பிப்போட்டு, மேலே மெல்லிய பருத்தித் துணியை விரித்து, பெட்டியை இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள்.