வண்ண அரிசி: அட்சதை செய்யத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் அட்சதை கலக்காத வீடு இருக்காது. குழந்தைகள் கைவிட்டு அளையவும் படத்தில் ஒட்டவும் செய்கிற வண்ண அரிசியும் ஏறக்குறைய அதே வேலைதான். ஆனால் அட்சதை அன்றைக்கே தீர்ந்துவிடும். இது மாதக்கணக்கில் டப்பாவில் கிடக்க வேண்டும். அதனால் நெய் வேண்டாம். நாளானால் சிக்கு வாடை வரும், பசையும் பிடிக்காது. ஈரம் அதைவிட மோசம். இதில் கெட்டுப்போகிற எதற்கும் பெரும்பாலும் ஈரமே காரணம்.

அரிசி

பளிச்சென்ற நிறம் வேண்டுமென்றால் பச்சரிசி. புழுங்கலரிசியில் இயல்பாகவே ஒரு பழுப்பு இருப்பதால் நீலமும் ரோஸும் மங்கித் தெரியும். ஆனால் மணி கெட்டியானது, எளிதில் நொறுங்காது. அளைந்து விளையாட அதுவே மேல். சின்ன விரல்கள் பொறுக்கி எடுத்து ஒட்டுவதற்கு சி.ஆர். 1009 மாதிரி மோட்டா ரகம் வசதி.

சாப்பிடுகிற அரிசியை விளையாடக் கொடுப்பதா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வண்டு விழுந்த பழைய அரிசியைச் சலித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் முறத்தில் நன்றாகப் புடைக்க வேண்டும். தவிடும் மாவும் இருந்தால் அவையே சாயத்தை முதலில் குடித்து, உருண்டை கட்டிவிடும். கழுவவே கூடாது.

நிறம் ஏற்றுவது

ஒரு நிறத்துக்கு: 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் அரிசி, ஒரு டீஸ்பூன் வெள்ளை வினிகர், உணவில் சேர்க்கும் கலர் திரவமாக இருந்தால் 8 முதல் 10 சொட்டு, பொடியாக இருந்தால் இரண்டு சிட்டிகை. கோலப்பொடிக் கலர் வேண்டாம். குழந்தையின் கை எப்படியும் வாய்க்குப் போகும்.

1. முதலில் கலரை வினிகரில் முழுசாகக் கரையுங்கள். பொடியை நேரே அரிசியில் தூவினால் புள்ளி புள்ளியாகத்தான் பிடிக்கும்.

2. மூடி இறுக்கமான டப்பாவில் பாதியளவு மட்டும் அரிசி போட்டு, கரைசலை ஊற்றி, இரண்டு நிமிடம் குலுக்குங்கள். டப்பா நிரம்பியிருந்தால் அரிசி புரளாது. அடியில் ஒரு நிறம், மேலே ஒரு நிறம் என்று நிற்கும்.

3. நிறம் போதவில்லை என்று அப்போதே இன்னும் ஊற்றாதீர்கள். காய்ந்த பிறகு இரண்டாம் முறை ஏற்றலாம்.

வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு ஊற்றினால் பிசுபிசுக்கலாம். தண்ணீரை தாராளமாக ஊற்றினால் மணி ஊறி விரிசல் விடும். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும்.

சங்குப்பூவில் நீலம் எடுக்கிறவர்கள் கவனிக்க: அதில் வினிகர் பட்டால் ஊதாவாகிவிடும். நீலமே வேண்டுமென்றால் 15 பூவைக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, ஒரு டீஸ்பூனாகச் சுண்டவைத்து அதை மட்டும் ஊற்றுங்கள். மஞ்சள்தூள் அரை டீஸ்பூன் போதும், ஆனால் கையில் ஒட்டும், வெளிச்சத்தில் வெளுக்கும். பீட்ரூட் நாளடைவில் பழுப்பாகும். அதற்குப் பாடுபட வேண்டியதில்லை.

உலர்த்துவது

அவசரப்பட்டு மொட்டை மாடி வெயிலில் போடுகிறவர்கள்தான் அதிகம். நெல்லைக் கடும் வெயிலில் சட்டென்று காயவைத்தால் அரைக்கும்போது நொய்யாகும் என்பது இங்கே களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். அரிசிக்கும் அதே கதிதான், கூடவே நிறமும் வெளுக்கும். தாம்பாளத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, நிழலில், ஃபேன் காற்றில் வையுங்கள். அரை மணிக்கொரு தடவை விரலால் கோதிவிடுங்கள். கோடையில் மூன்று மணி நேரம் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு ராத்திரி முழுக்க ஆகும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். ஈரக்கறை தெரிந்தால் இன்னும் காயவில்லை. உலர்ந்த பொடியாக உதிர்ந்தால் கலர் அதிகம். கால் டம்ளர் வெறும் அரிசி சேர்த்துக் குலுக்கினால் அது மிச்சத்தை வாங்கிக்கொள்ளும், நிறம் சற்று வெளிறும்.

விளையாட்டுக்கு

தாம்பாளத்தில் விரல் தடிமனுக்குப் பரப்பினால், விஜயதசமியன்று 'அ' எழுதிய விரல் தினமும் எழுதிப் பழகும். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையை ஒரு நிறத்துக்கு உரிய இடத்தில் மட்டும் தடவி, தூவி, அழுத்தி, அது காய்ந்த பிறகே அடுத்த நிறத்துக்குப் போங்கள். மொத்தமாகத் தடவினால் நிறங்கள் ஒன்றில் ஒன்று சிந்தும்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தே ஆகவேண்டும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும். டைல்ஸ் தரையில் சிந்திய அரிசி வழுக்கும், கீழே ஒரு பழைய போர்வை விரியுங்கள்.

மூடி வைக்கும் டப்பாவில் காய்ந்த வேப்பிலை நாலு போட்டு வையுங்கள். ஈரக்கையோடு அளைந்த அரிசியை மட்டும் மறுபடி டப்பாவில் போடாதீர்கள், ஒரு பிடி போதும் மொத்தமும் பூசணம் பிடிக்க.