பிரேக் ஆயில் சொட்டினால் ஸ்பேனரை எடுக்காதீர்கள்

மூன்று வாரங்களுக்கு முன்பு, எங்கள் காரின் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே, சிமென்ட் தரையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம் தெரிந்தது. நானும் என் மகளும் இரண்டு ஆண்டுகளாகக் கட்டிவரும் கார் அது. சட்டம் சதுரக் குழாய்களில் நாங்களே பற்றவைத்தது. எஞ்சினும் பிரேக்கும் பழைய மாருதி 800-இல் இருந்து எடுத்தவை. பந்தய வீரர் கரிவர்தன் இதே மாருதிப் பாகங்களை வைத்துப் பந்தயக் கார்கள் கட்டிய கோவையில், இப்படி ஒரு ஆசை வருவது பெரிய அதிசயமல்ல.

இருக்கைக்குக் கீழே பிரேக் பைப் போகிறதே தவிர, அங்கே இணைப்பு எதுவும் இல்லை. "பைப்பில்தான் ஓட்டை, வெட்டி மாற்றிவிடலாம் அப்பா" என்றாள் மகள். பொறு என்றேன். நாற்பது ஆண்டுகள் லேத் பட்டறையில் நின்றவன் நான். ஒழுகுவதைக் கண்டதும் கண்ட நட்டையெல்லாம் இறுக்கினால் தடயம் அழிந்துபோகும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில், ஒழுகியது பிரேக் ஆயில்தானா என்று பாருங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, தரையில் இருப்பதைக் குச்சியால் தொட்டு அதில் விடுங்கள். எஞ்சின் ஆயில் மேலே படலமாக மிதக்கும். நாம் பயன்படுத்தும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் வகைகள் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். ரேடியேட்டர் கூலன்ட்டும் கலக்கும், ஆனால் அதன் பச்சையோ சிவப்போ காட்டிக்கொடுத்துவிடும். எங்களுடையது இளமஞ்சள், விரலில் வழுவழுப்பு, கலங்காமல் கரைந்தது. தொட்ட கையைக் கழுவாமல் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். பெயிண்டின் மேல் பட்டிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லையென்றால் உரித்துவிடும்.

அடுத்து பெடல். எஞ்சினை நிறுத்திவிட்டு, மெதுவாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். கால் மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ அழுத்தம் போகிறது. வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லாமல் இறங்கினால், பெடலை அழுத்தும்போது எண்ணெயைப் பைப்புகளுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான் பெரும்பாலும் காரணம். எண்ணெய் முன்னிருந்து பின்னுக்கு உள்ளேயே நழுவுகிறது. காரிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்தாலே கசிவு என்றும் சொல்லிவிட முடியாது. பிரேக் பேட் தேயத் தேய அதுவும் தானாக இறங்கும்.

இனி நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. காரை ஜாக்கில் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிரேக் பைப், இணைப்புகள், ஹோஸ் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் ஆகாது, ரப்பரை உப்பவைத்துவிடும். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும், சொட்டும் இடத்துக்கு மேலே பைப்பிலும் வெள்ளை டிஷ்யூ தாளைச் சுற்றி நூலால் கட்டுங்கள். பெடலை அழுத்தி, இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே ஒரு மரச்சட்டத்தை முட்டுக்கொடுத்து, இரவு முழுவதும் விடுங்கள்.

தாள் கட்ட முடியாத இடங்களும் உண்டு. பின்சக்கரத்து டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தேங்கியிருந்தால் சிலிண்டர் போய்விட்டது. அங்கே பிரேக் ஷூ நனைந்திருந்தால் கழுவிப் போடாதீர்கள், மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் பெடல் தண்டு நுழையும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். காலடித் தகட்டில் காணும் ஈரம் அங்கிருந்து வழிந்ததாக இருக்கலாம்.

நாங்களும் இப்படித்தான் தாள் கட்டி விட்டோம். மறுநாள் காலையில் இருக்கைக்கு அடியில் பைப்பில் கட்டியிருந்த தாளின் ஒரு ஓரம் மட்டும் நனைந்திருந்தது, எஞ்சின் பக்கத்து ஓரம். அங்கிருந்து முன்னோக்கி விரலால் தடவிக்கொண்டே போனோம். சரிவாக இறங்கும் அந்த பைப்பின் அடிப்பக்கம் முழுக்க மெல்லிய ஈரக்கோடு. ஒரு மீட்டருக்கும் அதிகமான தூரத்தில், மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்து மூவழி இணைப்பில் கட்டிய தாள் ஊறிப்போயிருந்தது. எண்ணெய் பைப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கி, தாழ்ந்த இடத்தில் வந்து சொட்டியிருக்கிறது.

நட்டைக் கழற்றி, அதன் வெளிப்புறத்தில் இருக்கும் மரையை வெர்னியரில் அளந்தேன். வெளிவிட்டம் 9.4 மில்லிமீட்டர். இணைப்பின் துளையோ 10 மில்லிமீட்டர், மரையின் புரி இடைவெளி 1 மில்லிமீட்டர். பைப்போடு பழைய சாமான்களில் கிடைத்த அந்த நட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. புரி இடைவெளி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்று என்பதால் மரை அளவுகோல் இங்கே ஏமாற்றிவிடும், விட்டம்தான் உண்மையைச் சொல்லும். கையால் சுற்றும்போது லொடலொடவென்று ஆடிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள். இறுகியதுபோலத் தோன்றினாலும் முழு அழுத்தத்தில் மரை பிய்த்துக்கொண்டு வெளியே வரக்கூடும், அந்த நேரத்தில் யார் உயிர் காலடியில் இருக்குமோ. பல கார்களின் பாகங்களைக் கலந்து கட்டுகிறவர்கள் ஒவ்வொரு நட்டையும் அளந்தே தீர வேண்டும்.

டெஃப்லான் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். இங்கே எண்ணெயை அடைப்பது மரையல்ல, பைப்பின் விரித்த முனையும் அது உட்காரும் பள்ளமும்தான். முனை விரிப்பிலும் இரட்டை மடிப்பு, குமிழ் என்று இரண்டு வகை உண்டு. எந்தப் பள்ளத்துக்கு எது என்று பார்த்துப் பொருத்த வேண்டும். ஹோஸ் முனையில், எண்ணெய் போக உள்ளே துளையிட்ட பேன்ஜோ போல்ட் கசிந்தால் இருபுறமும் புதுச் செம்பு வாஷர் போடுங்கள்.

நாங்கள் சரியான நட்டைக் கோத்து, முனையைப் புதிதாக விரித்து, சீல் உடைக்காத டப்பாவிலிருந்து டாட் 4 ஊற்றிக் காற்றை வெளியேற்றினோம். திறந்து வைத்த பழைய டப்பா ஈரத்தை இழுத்திருக்கும், அதன் கொதிநிலை இறங்கியிருக்கும். மறுபடியும் தாள் கட்டி, மரச்சட்டம் கொடுத்து, இரண்டு இரவுகள் விட்டோம். மூன்றாம் நாள் காலை ஒவ்வொரு தாளாக அவிழ்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள் மகள். பதினொன்றும் காய்ந்திருந்தன. அதன் பிறகே காரை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, கைபிரேக்கில் கை வைத்தபடி முற்றத்தில் முதல் கியரில் ஓட்டினோம்.