மலேரியாவும் குழந்தையின் இரத்த அணுக்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், டெங்குவால் பழகிய நம் கண்கள் முதலில் தேடுவது தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையைத்தான். அது ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருந்தால் டெங்கு என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் மலேரியா கண்ட குழந்தைகளிலும் பெரும்பாலோருக்குத் தட்டணுக்கள் குறைகின்றன. சென்னை போல வைவாக்ஸ் என்ற வகை மலேரியா வந்துபோகும் ஊர்களில், இரத்தத்துளியை நுண்ணோக்கியில் பார்த்து ஒட்டுண்ணியைத் தேடும் இரத்தப்பூச்சுச் சோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்தான தவறு.

மலேரியா உறுதியான பின்னும் கவலை தட்டணுவிலேயே நிற்கிறது. இந்நோயில் அவை வெகுவாகக் குறைந்தாலும் இரத்தக்கசிவு அரிது. சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தாமே உயர்ந்துவிடும். கசிவில்லாத குழந்தைக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தட்டணு ஏற்றச் சொல்லி மருத்துவரை வற்புறுத்த வேண்டாம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது சிவப்பணுக்களின் இழப்புக்குத்தான். ஒட்டுண்ணி தான் புகுந்த அணுவை உடைத்து வெளியேறுகிறது. அதைவிட அதிகமாக, ஒட்டுண்ணி புகாத அணுக்களையும் மண்ணீரல் வடிகட்டி அழிக்கிறது. ஈடுகட்ட வேண்டிய எலும்பு மஜ்ஜையோ அந்நேரத்தில் சோர்ந்துவிடுகிறது. ஆகவே இரத்தப்பூச்சில் ஒட்டுண்ணி குறைவாகத் தெரிகிறது என்று நிம்மதி அடைவது தவறு. வைவாக்ஸில் குறைந்த ஒட்டுண்ணியோடும் கடுமையான இரத்தசோகை வரக்கூடும். 12 வயதுக்கு உட்பட்டவர்களில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 5 கிராமோ அதற்குக் கீழோ இறங்குவதை உலக சுகாதார நிறுவனம் கடுமையான மலேரியாவின் அறிகுறிகளுள் ஒன்றாக வகுத்துள்ளது.

காய்ச்சல் விட்டதும் பரிசோதனையை நிறுத்திவிடுவதைத்தான் நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகும் சில நாட்கள் ஹீமோகுளோபின் இறங்கலாம். கடுமையான மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் ஊசி பெற்ற சிலருக்கு ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரை கழிந்த பின்னரும் சிவப்பணுச் சிதைவு நேர்கிறது. வைவாக்ஸுக்குத் தரப்படும் பிரிமாகுயின் மருந்து, சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைந்த குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், அந்த நொதிக்கான சோதனையை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. சிறுநீர் கறுத்தால் பிரிமாகுயினை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெள்ளையணுக்கள் மலேரியாவில் பொதுவாக இயல்பாகவோ குறைந்தோ இருக்கும். அவை மிகவும் உயர்ந்திருந்தால், அதையும் மலேரியா கணக்கில் எழுதிவிடாமல், உடன் பாக்டீரியா தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சோகையைக் கண்டதும் வீட்டிலிருக்கும் இரும்புச்சத்து டானிக்கைக் கொடுப்பதும் பரவலாக உள்ளது. மலேரியாவின் அழற்சி நீடிக்கும்வரை குடல் இரும்பைச் சரிவர ஏற்பதில்லை. மலேரியா மிகுந்த தான்சானியாவின் பெம்பா தீவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பெற்ற சிறு குழந்தைகளிடையே மருத்துவமனை அனுமதிகளும் இறப்புகளும் கூடியிருந்தன. எனவே முதலில் மலேரியாவுக்கு முழுச் சிகிச்சை. இரும்புச்சத்து எப்போது, எவ்வளவு என்பது அதன் பின் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.