தன்னார்வலர்கள் பாதியில் விலகாமல் இருக்க: சிறிய அமைப்புகளுக்கான செய்முறை

ஆண்டு விழாவில் மேடையேற்றிக் கேடயம் கொடுத்துவிட்டால் தன்னார்வலர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று பல பொறுப்பாளர்கள் நினைக்கிறார்கள். அந்தக் கேடயத்தை வாங்கியவரே அடுத்த மாதம் போனை எடுப்பதில்லை. விசாரித்தால் காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். கைக்காசு போட்டது திரும்பி வரவில்லை, வரச் சொல்லிவிட்டு வேலை கொடுக்காமல் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள், செய்த வேலைக்கு வேறொருவர் பெயரை வாசித்தார்கள். அதனால் வரிசை முக்கியம். முதலில் வேலை, அடுத்து பணம், அதற்கடுத்து நன்றி, கடைசியில் விழா. 10 முதல் 30 தன்னார்வலர்கள் வரை உள்ள குழுவை மனதில் வைத்து எழுதியது இது.

படி 1: வேலைத்தாள்

ஒவ்வொரு வேலைக்கும் அரைப் பக்கம் போதும். என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணி நேரம், யாரிடம் கேட்க வேண்டும், எந்தத் தேதியோடு முடிகிறது என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். புதிதாக வேலைத்தாள் எழுதுபவர்கள் கடைசி விவரத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். முடிவுத் தேதி இல்லாத பொறுப்பை ஏற்கப் பலர் தயங்குவார்கள். ஏற்றவர்களும் விலகுவதாகச் சொல்லக் கூச்சப்பட்டு, சொல்லாமலே நின்றுவிடுவார்கள். மூன்று மாதம் என்று போடுங்கள். முடியும்போது, தொடர விருப்பமா என்று கேளுங்கள்.

படி 2: ஆள் ஒருவர்

எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். புதிதாக வருபவரை முதல் நாள் வாசலிலேயே பெயர் சொல்லி வரவேற்பது அவர் வேலை. வேலை தொடங்கும் முன்பே கழிப்பறை, குடிநீர், முதலுதவிப் பெட்டி எங்கே என்று காட்டிவிட வேண்டும்.

படி 3: கைக்காசைத் திருப்பிக் கொடுங்கள்

பயணம், போன், நகல் எடுத்தது என்று தன்னார்வலர் செலவழிப்பதெல்லாம் அமைப்பின் செலவு. கேட்கட்டும், கொடுக்கலாம் என்று காத்திருந்தால் வசதி குறைந்தவர்கள் கேட்காமலே விலகிவிடுவார்கள். வசதி உள்ளவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். பிறகு நம்மிடம் எல்லாத் தரப்பினரும் ஏன் வருவதில்லை என்று கூட்டம் போட்டுப் பேசிப் பயனில்லை.

தேதி, எதற்கு, எவ்வளவு, ரசீது உண்டா என நான்கு கட்டங்கள் உள்ள ஒரு சீட்டு அச்சடித்து வையுங்கள். ரசீது கிடைக்காத சிறு செலவுகளுக்கு ஒரு உச்சவரம்பை முன்பே முடிவு செய்து, கையெழுத்தின் பேரில் கொடுத்துவிடுங்கள். சீட்டு வந்த ஏழு நாட்களுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். மாதம் இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுப்பது வசதியாகத் தெரியும். ஆனால் உண்மைச் செலவுக்கு மேல் போகும் தொகையைப் பல நாடுகளில் சம்பளமாகக் கருத இடமுண்டு. வரி, தொழிலாளர் சட்டம் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஆன செலவை மட்டும் கொடுங்கள்.

படி 4: பதிவேடு

பெயர், தேதி, செய்த வேலை, மணி நேரம் ஆகியவற்றுக்குப் பிறகு ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘குறிப்பு’ என்று தலைப்பிடுங்கள். “பழைய உறுப்பினர் பட்டியலில் இரட்டிப்பாக இருந்த பெயர்களை நீக்கினார்” என்பது போல ஒரு வரி, அன்றைக்கே எழுத வேண்டும். மறுநாள் ஞாபகம் இருக்காது. பின்னால் வரும் நன்றி, சான்றிதழ், பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கட்டம்தான் சரக்கு.

படி 5: நன்றி

இரண்டு நாளுக்குள் சொல்லுங்கள். “உங்கள் அளப்பரிய சேவைக்கு நன்றி” என்று குழுவில் போடும் செய்தி யாருக்கும் போய்ச் சேராது, எல்லோருக்கும் பொதுவானது அது. இப்படி எழுதிப் பாருங்கள்: “சனிக்கிழமை நீங்கள் புத்தகங்களை வகைப்படி அடுக்கி வைத்ததால், இன்று கேட்டு வந்தவர்களுக்கு உடனே எடுத்துக் கொடுக்க முடிந்தது.” என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. பெரிய சொற்கள் ஒன்றுகூட இல்லை, தேவையும் இல்லை.

கணக்கு எழுதுபவர், கூட்டம் முடிந்ததும் நாற்காலி மடக்குபவர், போன் எடுப்பவர் ஆகியோர் புகைப்படத்தில் விழமாட்டார்கள். மாதம் ஒருமுறை பதிவேட்டைப் புரட்டி, இந்த மாதம் யாருக்கு நன்றி சொல்லவில்லை என்று பாருங்கள். இவர்கள் பெயர்தான் வரும்.

இன்னொன்று, எல்லோருக்கும் மேடை பிடிக்காது. சேரும் படிவத்திலேயே, பொதுவில் பெயர் சொல்லலாமா, புகைப்படம் போடலாமா என்று கேட்டு வையுங்கள்.

படி 6: சான்றிதழும் பரிசும்

“சிறப்பாகச் சேவை செய்தார்” என்று மட்டும் இருக்கும் சான்றிதழ் வேலை தேடும் இளைஞருக்கு உதவாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை மணி நேரம், என்ன வேலை, கையெழுத்திட்டவர் யார், சரிபார்க்க யாரைத் தொடர்புகொள்வது என்பதெல்லாம் இருக்கட்டும். அச்சுக்குப் போகும் முன் பெயரும் தலைப்பெழுத்தும் சரிதானா என்று அவரிடமே காட்டுங்கள். தப்பான பெயரோடு ஒரு சான்றிதழ் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல்.

‘நூறு மணி நேரம் செய்தால் பரிசு’ என்று முன்கூட்டி அறிவிக்க வேண்டாம். உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்பே சொன்னார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. பெரியவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. என்றாலும் மணி நேரத்துக்குப் பரிசு வைத்தால் மணி நேரம்தான் கூடும். பதிவேட்டில் கொஞ்சம் பொய்யும் கூடும்.

‘சிறந்த தன்னார்வலர்’ விருதும் எங்கள் சிபாரிசு அல்ல. ஒருவர் மகிழ, மற்ற இருபது பேரும் தாங்கள் எதில் குறைந்தோம் என்று யோசிப்பார்கள்.

படி 7: விழா

டிசம்பர் 5 சர்வதேச தன்னார்வலர் தினம், ஐ.நா. பொதுச்சபை 1985-ல் அறிவித்தது. தேதி தேடுபவர்களுக்கு அது வசதி. நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சிறப்பு விருந்தினர் பேச்சு பத்து நிமிடம், அதுவும் தன்னார்வலர்களை அழைத்த பிறகு. ஒவ்வொருவரையும் அழைக்கும்போது பதிவேட்டின் குறிப்புக் கட்டத்திலிருந்து ஒரு வரி வாசியுங்கள். அன்றைக்குப் பந்தல், பரிமாறல், துப்புரவு எதையும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள், நிர்வாகக் குழு செய்யட்டும். இது எழுதத் தேவையில்லாத விதி என்று தோன்றும். ஆனால் பல விழாக்களில் கௌரவிக்கப்பட வேண்டியவர் சமையலறையில் இருப்பார்.

படி 8: விலகுபவர்

இரண்டு முறை சொல்லாமல் வராதவரை மூன்றாவது முறைக்குக் காத்திராமல் அழையுங்கள். “ஏன் வரவில்லை” என்று தொடங்காமல், “வேலையை மாற்றிக் கொடுக்கலாமா, நேரத்தைக் குறைக்கலாமா” என்று கேளுங்கள். போவதென்று முடிவு செய்துவிட்டால் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள்: எது பிடித்தது, எது சலிப்பூட்டியது, நாங்கள் எதை மாற்ற வேண்டும்? பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், எதிர்வாதம் செய்யாதீர்கள். சாவி, கடவுச்சொல், பதிவேடு ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு, நிலுவையில் உள்ள செலவுத் தொகையையும் சான்றிதழையும் அன்றே கையில் கொடுத்து அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிலர் வேலையை விட்டாலும் குழுவில் இருக்க விரும்புவார்கள்.