உயிர்வேலிக்குள் முளைத்த மரக்கன்றுகளை வேரோடு எடுப்பது எப்படி?

உயிர்வேலியில் வந்து உட்காரும் பறவைகள், வேறெங்கோ தின்ற பழத்தின் விதையை எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகும். நிழல், ஈரம், யாரும் மிதிக்காத மண். விதைக்கு வேறென்ன வேண்டும்? வேம்பு, அரசு, நாவல் என்று எதுவும் முளைக்கலாம். கவாத்து செய்யும்போது வேலியோடு கன்றின் தலையும் வெட்டுப்படுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே தண்டு பருத்துக்கொண்டே போகும். வெட்ட வெட்ட, ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்க்கும். அதனால் கத்தரிக்கோலை மட்டும் நம்பிப் பயனில்லை.

முதலில் அடையாளம். கவாத்துக்கு முன்னால் பாருங்கள். அப்போதுதான் கன்றின் கொழுந்து வேலிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தண்டைப் பிடித்துக்கொண்டே தரை வரை போய், தூரில் ஒரு வண்ணத் துணியைக் கட்டிவிடுங்கள். இலையை வெட்டிய பிறகு எது வேலிச்செடி, எது கன்று என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. உள்ளே பறவைக்கூடு இருந்தால் குஞ்சுகள் பறக்கும்வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள். முள்வேலி என்றால் தடித்த கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

மழை பெய்த மறுநாள் இறங்குவது நல்லது. மழை இல்லையா, முந்தின நாள் மாலை தூரில் நன்றாக ஊறும்படி தண்ணீர் விடுங்கள்.

பென்சில் கனம் உள்ள கன்றை மண்ணை ஒட்டிப் பிடித்து, நேர் மேலாக நிதானமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் தண்டு அறுந்து ஆணிவேர் உள்ளேயே நின்றுவிடும்.

கட்டைவிரல் கனம் என்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. முழுக் கன்றையும் அப்படியே உருவினால் வேலியின் கிளைகள் முறியும். அதனால் மேல்பகுதியைத் துண்டு துண்டாக வெட்டி வெளியே எடுங்கள். ஆனால் பிடித்து ஆட்டுவதற்கு ஒன்றரை அடித் தண்டை விட்டுவையுங்கள். அப்புறம் களைக்கொத்தியால் தண்டை ஒட்டி மண்ணைக் கிளறி, கன்றிலிருந்து கிளம்பும் பக்கவேர்களை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டுங்கள். ஆணிவேர் மட்டும் மிஞ்சியதும் முன்னும் பின்னும் ஆட்டினால் இளகி வரும். வரவில்லையா, அரை அடி ஆழத்தில் வேரை வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் தூர்ப்பகுதிதான் மறுபடி துளிர்க்கும்.

அதைவிடப் பருத்ததைத் தோண்டாதீர்கள், வேலிச்செடியின் வேரும் சேர்ந்து போகும். கை ரம்பத்தால் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, துளிர் வரும்போதெல்லாம் கிள்ளி எறியுங்கள். இலை இல்லாவிட்டால் வேருக்கு உணவு கிடைக்காது. சேமித்து வைத்தது தீர்ந்ததும் கட்டை காயும். சில மரங்கள் ஒரு வருடத்துக்கு மேலும் அடம் பிடிக்கும்.

களைக்கொல்லியா? தெளிக்கவே கூடாது, வேலியே கருகிவிடும். அறுத்த உடனே வெட்டுமுகத்தில் மட்டும் பூசும் முறை உண்டு. ஆனால் அது பக்கத்து மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய கன்றாக இருந்தால், மருந்து தாய்மரத்துக்கும் போய்ச் சேரலாம். கிள்ளும் பொறுமை இருந்தால் மருந்து வேண்டாம் என்பேன்.

குழியை மூடி, மண்ணை அழுத்தித் தண்ணீர் விடுங்கள். மேலே 2 முதல் 3 அங்குலம் மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவை) போட்டால் புது விதைகள் முளைப்பது குறையும்; வேலிச்செடியின் தண்டில் மட்டும் அது ஒட்ட வேண்டாம். இனி ஒவ்வொரு கவாத்துக்கு முன்பும் குனிந்து உள்ளே ஒரு பார்வை பாருங்கள். நாலிலைப் பருவத்தில் இரண்டு விரலே போதும்.