ஃபேஜ் சிகிச்சையைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிருமி என்று கல்ச்சர் ரிப்போர்ட் (நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை லேப்பில் வளர்த்துப் பார்க்கும் சோதனை முடிவு) வந்துவிட்டால், வீட்டில் யாராவது ஒருவர் விடிய விடிய போனில் தேடிக்கொண்டிருப்பார். சீக்கிரமே ஃபேஜ் சிகிச்சை கண்ணில் படும். பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்தான் ஃபேஜ். மனிதச் செல்லுக்குள் அது பெருகாது. 1917-இல் ஃபெலிக்ஸ் தெரேல் என்ற நுண்ணுயிரியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். இரண்டே ஆண்டுகளில் பாரிஸில் சீதபேதி வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தும் பார்த்தார். ஆக, இது நேற்று முளைத்த வைத்தியம் இல்லை. இதை நம்புவதில் தப்பும் இல்லை. ஆனால் எதை நம்புகிறோம் என்று தெரிய வேண்டும்.

பலரும் செய்யும் பெரிய தவறு, இதையும் இன்னொரு ஆன்டிபயாடிக் போல நினைத்து "அந்த மருந்து எங்கே கிடைக்கும்?" என்று கேட்பது. ஆன்டிபயாடிக் ஒன்று பல வகைப் பாக்டீரியாவைக் கொல்லும். ஃபேஜோ ஒரே இனத்துக்குள்ளும் சில ரகங்களைத்தான் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் இரண்டு பேரின் ரிப்போர்ட்டிலும் சூடோமோனாஸ் என்ற ஒரே பாக்டீரியாவின் பெயர் எழுதியிருக்கலாம். ஒருவருக்குப் பலன் தந்த ஃபேஜ் மற்றவருக்குப் பலன் தராமல் போகலாம். டாக்காவில் வயிற்றுப்போக்கு வந்த 120 குழந்தைகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வெளியானது. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கான ஃபேஜைக் குடிக்கக் கொடுத்தும் பலன் இல்லை. அந்த ஃபேஜுக்கு அடங்கும் ஈ.கோலை ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளிடம்தான் இருந்தது. வேறு கிருமிகளும் கூடவே இருந்தன. பொருத்தம் பார்க்காமல் கொடுத்ததுதான் அங்கே தோற்றது என்பது என் எண்ணம். ஆன்லைனில் குப்பி வாங்கிக் குடிப்பவர் செய்வதும் அதையேதான்.

அளவையும் மறந்துவிடுகிறோம். ஐரோப்பாவில் தீக்காயப் புண்களுக்கு 12 ஃபேஜ்கள் கலந்த மருந்தைச் சோதித்தார்கள். வைத்திருந்த நாட்களில் அதன் வீரியம் போய்விட்டது. ஒரு மில்லிக்குப் பத்து லட்சம் ஃபேஜ் போட நினைத்த புண்ணில் பத்தோ நூறோதான் போய்ச் சேர்ந்தது. வழக்கமான களிம்பே அங்கே முந்தியது.

அப்புறம், "ஃபேஜ் கிடைத்துவிட்டது, இனி ஆன்டிபயாடிக் எதற்கு?" என்று நிறுத்தச் சொல்வது. இது ஆபத்து. ஃபேஜையும் பாக்டீரியா எதிர்க்கப் பழகிக்கொள்ளும். 2015-இல் எகிப்துக்குப் போன இடத்தில் டாம் பேட்டர்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியரை அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா பிடித்தது. கோமாவில் இருந்தவருக்கு 2016 மார்ச்சில் சான் டியாகோவில் ஃபேஜ் கொடுத்தார்கள். கண் விழித்தார். ஆனால் சில நாட்களிலேயே கிருமி எதிர்ப்பு காட்ட, வேறு ஃபேஜ் தேட வேண்டிவந்தது. மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும் கூடச் சேர்ந்துதான் அவரைக் கரையேற்றியது.

சேர்த்துக் கொடுப்பதில் ஓர் அழகான சூட்சுமம் உண்டு. சூடோமோனாஸ் தனக்குள் வரும் ஆன்டிபயாடிக்கை ஒரு பம்ப் வைத்து வெளியே தள்ளும். கனெக்டிகட் மாநிலத்தில் டாட்ஜ் குளத்தில் கிடைத்த ஃபேஜ் ஒன்று அந்தப் பம்ப்பையே பிடித்து உள்ளே நுழைகிறது. ஃபேஜிடமிருந்து தப்ப பம்ப்பை மாற்றிக்கொண்டால் ஆன்டிபயாடிக்கிடம் மாட்டிக்கொள்ளும். இதை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கங்கை நீரில் ஃபேஜ் இருப்பதால் அதுவே மருந்து என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தியையும் சொல்ல வேண்டும். அந்த நீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று ஹேன்கின் என்ற ஆங்கிலேய பாக்டீரியா ஆய்வாளர் 1896-இல் எழுதியது உண்மை. அதை வைத்து ஆற்று நீரைக் குடிப்பதும் புண்ணில் ஊற்றுவதும் கூடவே கூடாது. பாக்டீரியா மண்டிய இடத்தில்தான் ஃபேஜும் மண்டும். சாக்கடையில் அதைத் தேடுவது அதனால்தான். தவிர, எல்லா ஃபேஜும் நல்லதல்ல. காலரா நச்சுக்கான மரபணுவைக் கிருமிக்குக் கொண்டுவந்து கொடுப்பதே ஒரு ஃபேஜ்தான். ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்து, செத்த பாக்டீரியாவின் நச்சு நீக்கிச் சுத்தம் செய்ததைத்தான் உடம்பில் ஏற்ற வேண்டும்.

கடைசியாக, யாரும் அதிகம் சொல்லாத தவறு. ரிப்போர்ட் வந்ததும் கல்ச்சர் தட்டு குப்பைக்குப் போய்விடும். பின்னால் எந்த ஃபேஜ் மையத்தை அணுகினாலும், ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் 1923 முதல் இயங்கும் எலியாவா நிறுவனமாகவே இருந்தாலும், பொருத்தம் பார்க்க அந்தக் கிருமி வேண்டும். எனவே கல்ச்சருக்குக் கொடுக்கும்போதே, கிருமியை உறையவைத்துப் பத்திரப்படுத்த முடியுமா என்று மருத்துவரிடமும் லேப்பிலும் கேட்டுவிடுங்கள்.